காட்டில் ஓர் இரவு: தார்ப்பாயா, தூளியா?



34 ஆண்டுகள் பள்ளிக்கூட மணியோசைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னும், ஒரு பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதைப் பாடமாக நடத்திவிடும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. இன்றைய பேச்சிலும் அந்தப் பழக்கம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. காட்டுவழியே நடந்து செல்லும் ஒருவர் இரவில் காட்டிலேயே தங்க நேர்ந்தால், தலைக்கு மேல் எதை விரிப்பது? தார்ப்பாயைக் கட்டித் தரையில் படுப்பதா, இரு மரங்களுக்கு இடையே தூளி கட்டித் தொங்கிக்கொண்டு உறங்குவதா? இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் என் பேத்தி இந்த வினாவை என்னிடம் கேட்டபோது, ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். விடை காண எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

என் மகள் சிட்னி நகரில் குடியிருக்கிறாள். ஓய்வு பெற்ற பின் அவள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகள் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவி. எடின்பரோ கோமகன் விருது என்று ஒரு திட்டம் உண்டு. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு தோன்றி, ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றியது. பொதுத் தொண்டு, கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவற்றோடு காட்டுவழிப் பயணமும் அதில் ஒரு பகுதி. தமக்கு வேண்டிய உணவையும் உறைவிடத்தையும் மாணவர்கள் தம் முதுகில் சுமந்து சென்று, இரவில் வெளியில் தங்கித் திரும்ப வேண்டும். பேத்தி அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். நான் பல ஆண்டுகள் சாரணர் படைக்கு ஆசிரியராக இருந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே, “தாத்தா, நான் எதை எடுத்துச் செல்லட்டும்?” என்று கேட்டாள்.

அந்நாட்டில் இத்தகைய பயணத்திற்குப் ‘புஷ்வாக்கிங்’ என்று பெயர். ‘புஷ்’ என்றால் நாம் கருதுவது போலப் புதர் மட்டும் அன்று. ஊர் கடந்த காடும் மலையும் வெற்றுநிலமும் எல்லாம் அவர்களுக்கு ‘புஷ்’தான். சிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடர் இருக்கிறது. யூகலிப்டஸ் காடுகள் அடர்ந்த அந்தப் பகுதியில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் நிலம் 2000ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தருக், குந்துங்குரா ஆகிய தொல்குடி மக்களின் தாயகம் அது. மணற்கல் பாறைகள் குடைந்து கூரைபோல் நீண்டிருக்கும் இடங்களில் அம்மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கி வாழ்ந்திருக்கின்றனர். காட்டில் இரவைக் கழிக்கும் கலை அங்கே நேற்றுத் தோன்றியது அன்று.

நகரத்தார் அந்தக் கலையைப் பின்னாளில் கற்றுக்கொண்டனர். மைல்ஸ் டன்ஃபி என்பவரும் அவருடைய நண்பர்களும் 1914ஆம் ஆண்டு மலைவழிக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 1927இல் சிட்னி புஷ்வாக்கர்ஸ் சங்கம் தோன்றியது. 1930ஆம் ஆண்டு, உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து கிடந்த வேளையில், வேலை இழந்த பாடி பாலின் என்ற இளைஞர் தம் வீட்டிலேயே நடைப்பயணிகளுக்குரிய பொருள்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அதுவரை கூடாரம் என்றால் பொதிவிலங்கு சுமக்க வேண்டிய கனத்த கித்தான். ‘ஜப்பாரா’ என்னும் மெல்லிய பருத்தித் துணியில் நீர் புகாதபடி மெருகேற்றி, ஒருவர் முதுகிலேயே சுமக்கத்தக்க எளிய கூடாரங்களை அவர்கள் ஆக்கினார்கள். இன்று நைலானும் பாலியஸ்டரும் அந்தப் பருத்தியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் வினா மட்டும் மாறவில்லை: எவ்வளவு குறைந்த சுமையில் எவ்வளவு பாதுகாப்பைப் பெறலாம்?

மாணவர்களே, ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எதற்காக என்று கேட்க வேண்டும். காட்டில் உறங்குகிறவருக்குப் பகை நான்கு. மேலிருந்து வரும் மழை ஒன்று. பக்கத்திலிருந்து வரும் காற்று இரண்டு. கீழிருந்து வரும் குளிர் மூன்று. எங்கிருந்தும் வரும் பூச்சி நான்கு. பேத்தியும் நானும் ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, எதிரே தார்ப்பாய், தூளி என்று இரு கட்டங்கள் போட்டுக்கொண்டோம்.

முதலில் தார்ப்பாயைப் பார்ப்போம். லாரியின் மேல் சுமையை மூடிக் கட்டும் கனத்த பாயை நீங்கள் அறிவீர்கள். காட்டுப் பயணத்திற்குரிய தார்ப்பாய் அதன் தம்பி. சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலானில் மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உடைய பாய் அரைக் கிலோவை ஒட்டிய எடைதான் இருக்கும். விளிம்புகளில் கயிறு கோக்க வளையங்கள் உண்டு. இரு மரங்களுக்கு இடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன்மேல் பாயைப் போட்டு, இருபுறமும் தாழ்வாக இழுத்து முளை அடித்தால் ஓலைக்குடிசையின் கூரை போன்ற வடிவம் கிடைக்கும். ஒரு பக்கத்தைத் தரையோடு தைத்து, மறுபக்கத்தைத் தூக்கிக் கட்டினால் சாய்ப்பு வடிவம். காற்று மிகுந்த இரவில் ஒரு மூலையை மட்டும் உயர்த்தி, மற்ற மூலைகளைத் தரையோடு இறுக்கலாம். ஒரே துணி, பல வீடுகள்.

இங்கே கொஞ்சம் கணக்கு. மூன்று மீட்டர் பாயை நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர். கூரையின் சரிவு 45 பாகை இருந்தால் நடு உயரம் சுமார் 106 சென்டிமீட்டர். தரை அகலம் சுமார் 212 சென்டிமீட்டர். சரிவை 30 பாகையாகக் குறைத்தால் உயரம் 75 சென்டிமீட்டராகிறது; அகலம் 260 சென்டிமீட்டராக விரிகிறது. உட்கார இடம் வேண்டுமா, படுக்க இடம் வேண்டுமா என்பதை உங்கள் வடிவக் கணிதமே சொல்லிவிடும். பித்தகோரஸ் தேற்றம் எதற்கு உதவும் என்று என்னைக் கேட்ட மாணவர்கள் ஏராளம். அவர்களுக்கு அன்று இந்த விடையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தார்ப்பாய்க்குக் குறைகளும் உண்டு. அதற்குத் தரை கிடையாது. கீழே நீர் புகாத விரிப்பு ஒன்று வேண்டும். அதற்குச் சுவரும் கிடையாது. காற்று திசை மாறினால் சாரல் உள்ளே வரும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காடுகளில் கொசுவும் அட்டையும் உண்ணியும் உண்டு. அங்குள்ள உண்ணி வகைகளுள் ஒன்றின் நஞ்சு முடக்குவாதம் உண்டாக்கும். ஆகையால் தார்ப்பாயின் கீழே ஒரு கொசுவலையையும் தொங்கவிட வேண்டும். மற்றொன்று: நைலான் நனைந்தால் நீளும். மாலையில் முரசுபோல் இறுக்கிக் கட்டிய பாய் நள்ளிரவு மழையில் தொய்ந்து, குழிவிழுந்து, நீரைத் தேக்கிக்கொள்ளும். படுக்கப் போகும் முன் ஒருமுறை கயிறுகளை இறுக்க வேண்டும். பாலியஸ்டர் இவ்வளவு தொய்வதில்லை.

இனித் தூளிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஹாமக் என்பர். கொலம்பஸ் 1492இல் கரீபியன் தீவுகளை அடைந்தபோது அங்குள்ள மக்கள் தொங்கும் படுக்கைகளில் உறங்கியதைக் கண்டார். அச்சொல்லும் அம்மக்களின் மொழியிலிருந்து வந்ததே. பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகள் பல நூற்றாண்டுகள் அதில் உறங்கினார்கள்; கப்பல் சாய்ந்தாலும் தூளி சாயாது அல்லவா? நமக்கு இது புதிதா? உத்தரத்தில் தாயின் சேலையைக் கட்டிய தூளியில்தான் நம்மில் பலர் உலகத்தை முதலில் பார்த்தோம். ஆனால் குழந்தைக்கு ஏற்ற தூளி வளர்ந்தவருக்கு அப்படியே ஏற்றதாகிவிடாது என்பதை நான் விரைவில் கற்றுக்கொண்டேன்.

பேத்தியின் விருப்பம் தூளியில்தான் இருந்தது. தரை சமமாக இருக்க வேண்டியதில்லை. கல்லும் வேரும் முதுகில் குத்துவதில்லை. ஈரமும் அட்டையும் எட்டுவதில்லை. அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையே. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் இரு மரங்கள் இருந்தன. அவள் தோழியிடமிருந்து ஒரு தூளியை இரவல் வாங்கி வந்து கட்டினோம். முதல் இரவில் நான் படுக்கிறேன் என்று முன்வந்தேன். கனமான இறகுப் போர்வைப் பையும் இருந்தது. நள்ளிரவு கடந்ததும் மேலே வெதுவெதுப்பாகவும் முதுகிலே பனிக்கட்டி வைத்தது போலவும் இருந்தது. இரண்டு மணிக்கு எழுந்து வீட்டிற்குள் போய்விட்டேன்.

காரணம் என்ன? போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இறகுகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றுதான் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. நம் உடலின் கனத்தால் முதுகுப் பக்கத்து இறகுகள் நசுங்கிவிடுகின்றன, காற்று வெளியேறிவிடுகிறது. தரையில் படுத்தாலும் இதே நிலைதான். ஆனால் அங்கே மெத்தைப் பாய் ஒன்றைக் கீழே விரிக்கிறோம். தூளியிலோ கீழே காற்று ஓயாமல் வீசி வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. இதற்காகவே தூளியின் அடிப்புறத்தில், உடல் கனம் நசுக்காதபடி, வெளியே தொங்கவிடும் கீழ்ப்போர்வை என்று ஒன்று செய்கிறார்கள். தூளி வாங்குகிறவர் அதையும் வாங்க வேண்டும். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் வேண்டும். பூச்சிக்கு வலை வேண்டும். மரத்தில் கட்ட வார்கள் வேண்டும். இவற்றையெல்லாம் தராசில் வைத்தோம். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. தூளி மிக இலேசானது என்ற எண்ணம் அந்தத் தராசோடு போயிற்று. தூளியை எடுத்தாலும் தார்ப்பாய் வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொரு பாடம் பௌதிகத்தில் இருந்தது. தூளியை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோமோ அவ்வளவு நேராகப் படுக்கலாம் என்று எண்ணிப் பேத்தி வாரைப் பலமாக இழுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தடுத்து, ஒரு தாளில் விசை இணைகரம் வரையச் சொன்னேன். படுப்பவரின் எடை 60 கிலோ என்று கொள்ளுங்கள். வார் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு வாரும் தாங்கும் இழுவிசை அதே 60 கிலோ எடைக்குச் சமம். 15 பாகையானால் அது சுமார் 116 கிலோவாகிறது. 5 பாகையானால் சுமார் 344 கிலோ! படுக்கை நேராக ஆக ஆக, வாரும் முடிச்சும் மரமும் படும் பாடு பெருகுகிறது. ஆகவே தூளி தொய்வாகத்தான் இருக்க வேண்டும். அதில் நேராகப் படுக்காமல் மூலைவாட்டில் குறுக்கே படுத்தால் முதுகு வளையாமல் உறங்கலாம்.

மரத்தின் மீதும் கருணை வேண்டும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும்; குறைந்தது இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள வாரால் கட்ட வேண்டும். உயிருள்ள, பருத்த மரங்களாக, நான்கு ஐந்து மீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் நாற்காலி உயரத்தைத் தாண்டாதபடி தூளியைத் தாழ்வாகக் கட்ட வேண்டும். சில பூங்காக்களில் மரத்தில் எதையும் கட்டவே கூடாது என்ற விதி உண்டு. முன்கூட்டியே கேட்டறிவது கடமை.

ஆகவே, எது சிறந்தது? மாணவர்களே, இந்த வினாவே குறையுள்ளது. எந்த இடத்திற்குச் சிறந்தது என்று கேட்க வேண்டும். குவீன்ஸ்லாந்தில் லாமிங்டன் போன்ற மழைக்காட்டில் தரை எப்போதும் ஈரம், சரிவு மிகுதி, அட்டைகள் ஏராளம். அங்கே தூளி ஒரு வரம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கோசியஸ்கோ 2228 மீட்டர் உயரம் உடையது. அதன் மேற்பகுதியில் மரமே கிடையாது, பனிப்புயலும் அடிக்கும். அங்கே தூளியைக் கட்ட எதுவுமில்லை, தார்ப்பாயும் போதாது, உறுதியான கூடாரமே உயிர் காக்கும். நாட்டின் நடுவே உள்ள வறண்ட நிலத்திலும் தூளிக்கு மரம் கிடைப்பது அரிது. அங்கே ஒரு தார்ப்பாயும் இரண்டு ஊன்றுகோல்களும் போதும். பேத்தி செல்லவிருந்ததோ நீலமலையின் பள்ளத்தாக்கு. தங்குமிடம் ஏறத்தாழச் சமதரை, வசந்த காலம், குளிர் மிதம். இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழே தங்கலாம், சுமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குத் தார்ப்பாயே ஏற்றது என்று முடிவு செய்தோம். அவள் அரைமனத்தோடுதான் ஒப்புக்கொண்டாள்.

பாயை வாங்கியதும் தோட்டத்தில் கட்டி, தோட்டத்துக் குழாயால் அரைமணி நேரம் நீரைப் பீய்ச்சினோம். கட்டும் கயிற்றின் வழியே நீர் வழிந்து உள்ளே சொட்டியது. கயிற்றில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டதும் நீர் அந்த நூல் வழியே வெளியே இறங்கிவிட்டது. காட்டில் நள்ளிரவில் கற்க வேண்டியதை வீட்டில் பகலில் கற்றுக்கொண்டோம்.

இப்போது, நான் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு நான் ஒரு பள்ளியில் சாரணர் ஆசிரியன். 22 மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் முகாம் இட்டேன். வறண்ட ஓடை ஒன்றின் மணற்பரப்பு வெண்மையாக, மெத்தை போல் இருந்தது. அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மலையூரிலிருந்து வந்தவன், என் அருகில் வந்து, “ஐயா, மேலே மழை பெய்தால் இங்கே தண்ணீர் வரும் ஐயா” என்றான். வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகமும் இல்லை. “ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்கிறாயா? போய் முளையை அடி” என்றேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவன் போய் முளையை அடித்தான்.

எங்கள் தலைக்கு மேல் ஒரு துளியும் விழவில்லை. மலையின் உச்சியில் பெய்திருக்கிறது. இரவு ஒரு மணிக்கு ஓடையில் முழங்கால் அளவு நீர் வந்தது. இருட்டில் பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கரையேற்றினேன். 22 பேரும் இருந்தார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பாத்திரமும் துணியும் போயின. அந்த மலையூர்ப் பையன் சிறு பிள்ளைகளைத் தோளில் சுமந்து கரை சேர்த்தான். விடிந்த பிறகு அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ‘நீ சொன்னது சரி’ என்ற மூன்று சொற்கள் என் வாயில் வரவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

இந்த நினைவோடுதான் 2018 அக்டோபர் விடுமுறையில், ஒத்திகைப் பயணமாக, பேத்தியும் அவள் தந்தையும் நானும் புறப்பட்டோம். பிளாக்ஹீத் என்னும் ஊருக்கு அருகே பெரீஸ் லுக்டவுன் என்ற இடத்திலிருந்து க்ரோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கிற்குள் சுமார் 600 மீட்டர் ஆழம் இறங்கினோம். என் முழங்கால்கள் ஒவ்வொரு படியையும் எண்ணின. அடியில் நீலயூகலிப்டஸ் வனம் இருக்கிறது. வெள்ளித் தூண்கள் போல உயர்ந்த மரங்கள். 1931ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் அங்கே தங்கிய நடைப்பயணிகள், அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் மரங்களை வெட்டிவிட்டு வால்நட் மரங்கள் நடப்போகிறார் என்று அறிந்து திடுக்கிட்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த அக்காலத்தில் நடைப்பயணச் சங்கத்தார் பணம் திரட்டி, 130 பவுண்டு கொடுத்து அவரது உரிமையை விடுவித்தார்கள். 1932இல் அந்த வனம் பாதுகாக்கப்பட்ட நிலமாயிற்று. வேர்கள் நசுங்கக் கூடாது என்பதனால் வனத்திற்குள் தங்க அனுமதி இல்லை. சற்று அப்பால் அக்கேஷியா ஃப்ளாட் என்ற இடத்தில் தங்கலாம். விறகு மூட்டக் கூடாது. சிறிய எரிவாயு அடுப்புதான்.

மாலை நான்கு மணி. நான் களைத்திருந்தேன். ஒரு பெரிய மரத்தின் கீழே புல் படர்ந்த, தாழ்ந்த, அழகான இடம் ஒன்று கண்ணில் பட்டது. முதுகுப் பையை அங்கே இறக்கி, “இங்கேயே கட்டுவோம்” என்றேன். பேத்தி பையை இறக்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தாத்தா, அந்தக் கிளையைப் பாருங்கள். பட்டுப்போனது. வேறொரு கிளையில் சிக்கித் தொங்குகிறது. தரையும் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது.”

யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கிளையைக் கழித்துவிடும் இயல்பு உடையவை. அந்நாட்டில் காட்டுக்குச் செல்கிறவர்கள் இடம் பார்க்கும்போது முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் கீழே பார்க்கிறார்கள். இதை நானே அவளுக்கு ஒரு வாரத்திற்கு முன் படித்துக் காட்டியிருந்தேன். ஆயினும் என் நாக்கில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ‘எனக்குத் தெரியாதா?’ என்பதுதான். அது வாய்க்கு வெளியே வரும் முன் ஓடை மணலில் நின்ற அந்தப் பையனின் முகம் என் முன் வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டேன். “நீ சொல்வது சரி, அம்மா. இடத்தை நீயே காட்டு” என்றேன்.

அவள் ஐம்பது அடி தள்ளி, சற்றே மேடான, புல்லில்லாத, பார்வைக்கு ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டினாள். காற்று வரும் பக்கம் தாழ்வாக, ஓலைக்கூரை வடிவில் பாயைக் கட்டினோம். இரவு ஒன்பதுக்கு ஒருமுறை கயிறுகளை இறுக்கினோம். பதினொன்றுக்கு மழை வந்தது. விடியும் வரை பெய்தது. என் காலருகே கொஞ்சம் சாரல் அடித்ததைத் தவிர நாங்கள் நனையவில்லை. முதுகில் குளிரும் இல்லை.

காலையில் முதல் வேலையாக நான் தேர்ந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பசும்புல் குழியில் கணுக்கால் அளவு நீர் தேங்கி நின்றது. அண்ணாந்து பார்த்தேன். கிளை விழவில்லை, அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேத்திக்குச் சற்று ஏமாற்றம். “விழவே இல்லையே தாத்தா” என்றாள்.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கிளை விழாததனால் அவள் சொன்னது தவறாகிவிடுமா? ஆகாது. 1994இல் ஒருவேளை மலைமேல் மழை பெய்யாமல் இருந்திருந்தால் என் முடிவு சரியாகிவிடுமா? அதுவும் ஆகாது. முடிவெடுக்கும் நேரத்தில் நமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டோமா, தெரிந்தவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டோமா என்பதே முடிவின் தரத்தை அளக்கும் கோல். நற்பேறு நம்மைக் காப்பாற்றியதை அறிவென்று எண்ணிவிடக் கூடாது.

உங்களில் யாரேனும் இத்தகைய பயணம் மேற்கொள்வதானால் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். போகும் இடத்தை முதலில் அறியுங்கள்; பிறகு கூரையைத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து வரும் குளிரை மறவாதீர்கள். எடையை ஒவ்வொன்றாகப் பாராமல் மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். வாங்கியதை வீட்டில் நனைத்துப் பாருங்கள். இறுகவும் எளிதில் அவிழவும் கூடிய இரண்டு முடிச்சுகளை இருட்டிலும் போடக் கற்றுக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் மேலே பாருங்கள், கீழே பாருங்கள், நீர் எவ்வழி வரும் என்று பாருங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீலமலையில் இருப்பிடத்தை அறிவிக்கும் அவசரக் கருவியைக் காவல் நிலையத்திலும் பூங்கா அலுவலகத்திலும் இலவசமாக இரவல் தருகிறார்கள். நாங்களும் ஒன்றைப் பெற்றுச் சென்றோம். காலையில் காலணியை உதறிவிட்டு அணியுங்கள்; அந்நாட்டில் சிலந்திகள் பொல்லாதவை.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பியதும் அந்த மலையூர் மாணவனைத் தேடினேன். 38 வயது ஆகியிருந்தது. பேருந்து ஓட்டுநராக இருந்தார். பணிமனை வாயிலில் அவரைச் சந்தித்து, 24 ஆண்டுகளாக என் வாயில் வராத அந்த மூன்று சொற்களைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “நான் சொன்னது எனக்கே மறந்துவிட்டது ஐயா” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆயினும் எனக்காக அப்படிச் சொன்ன அந்தப் பெருந்தன்மையை வாங்கிக்கொண்டு, இருவரும் எதிர்க்கடையில் தேநீர் அருந்தினோம்.

பேத்தி அந்த ஆண்டே தன் பயணத்தை முடித்தாள். கூரை தார்ப்பாய்தான். ஆனால் பிறகு பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு தூளியும் வாங்கிவிட்டாள், கீழ்ப்போர்வையோடு.